வெளிமாநில வழக்கறிஞரை வைத்து அமெரிக்க ஃபெடரல் அரசு மீது சிவில் வழக்கு: முழுமையான வழிகாட்டி

டல்லாஸ் பக்கத்தில் இர்விங்கில் வசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். க்ரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் ஆனதும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. அதன்பின் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. நான்கு மாதம் போனது, ஒரு வருடமும் போனது. ஹெச்-1பி காலத்திலிருந்து அவருடைய எல்லாக் காகிதங்களையும் பார்த்துவந்த வழக்கறிஞர் இருப்பதோ நியூ ஜெர்சியில். “சார், நீங்களே எனக்காக கோர்ட்டுக்குப் போக முடியுமா?” என்று கேட்கிறார்.

நான் வழக்கறிஞர் இல்லை. குடிவரவு வழக்குகள் பார்க்கும் அலுவலகத்தில் பல வருடமாக, வழக்கறிஞர்களுக்கு உதவும் பாராலீகலாக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வரும் தமிழ்க் குடும்பங்களையும், முதன்முதலாக வேறு மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போடப்போகும் இளம் வழக்கறிஞர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். பதில், முடியும் என்பதுதான். ஆனால் அதற்கு அந்த நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். எந்த நீதிமன்றம் என்பதைப் பொறுத்து அந்த அனுமதிக்கான வழி மாறும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஆரம்பிப்பதால் வீணாகும் வாரங்கள் எல்லாம், ஏற்கெனவே காத்துக் காத்துக் களைத்துப்போன கட்சிக்காரரின் தலையில்தான் விழுகின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அடிப்படை: உரிமம் ஒன்று, அனுமதி இன்னொன்று

இந்தியாவில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 30-ம் பிரிவு 2011 ஜூன் 15 அன்று அமலுக்கு வந்ததிலிருந்து, ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் நாடு முழுவதும் தொழில் செய்யலாம் என்பது பொது விதி. அந்தப் பழக்கத்தில் அமெரிக்காவைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். இங்கே வழக்கறிஞர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. அதற்கு மேல், மத்திய அரசின் நீதிமன்றங்களான ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் 94 இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வழக்கறிஞர் பட்டியலை வைத்திருக்கிறது. டெக்சாஸ் உரிமம் உள்ளவர்கூட டல்லாஸ் ஃபெடரல் நீதிமன்றத்தின் பட்டியலில் தானாகச் சேர்ந்துவிடுவதில்லை. அவரும் விண்ணப்பித்து உறுதிமொழி எடுத்தாக வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஒருவரை ஒரே ஒரு வழக்குக்காக மட்டும் உள்ளே விடுவதற்குப் பெயர் ‘ப்ரோ ஹாக் வீச்சே’. லத்தீன் சொல்; ‘இந்த ஒரு முறைக்கு’ என்று பொருள். இனி இதை ஒருமுறை அனுமதி என்றே சொல்கிறேன்.

இந்த அனுமதி நீதிமன்றம் மனம் வைத்துத் தருவது. லைஸ் எதிர் ஃப்ளிண்ட் என்ற 1979-ம் வருட வழக்கில், வெளிமாநில வழக்கறிஞருக்கு இப்படித் தோன்றுவதற்கு அரசியலமைப்புச் சட்ட உரிமை எதுவும் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம் வாசலை அளவுக்கு மீறி இறுக்கவும் அது விடவில்லை. லூசியானாவின் கிழக்கு மாவட்ட நீதிமன்றம், ‘லூசியானாவில் வீடோ அலுவலகமோ இருந்தால்தான் எங்கள் பட்டியலில் சேர்ப்போம்’ என்று வைத்திருந்த விதியை, மிசிசிப்பியில் வசித்த ஒரு வழக்கறிஞர் எதிர்த்துப் போனார். 1987-ல், ஃப்ரேசியர் எதிர் ஹீபி வழக்கில், அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடைமுறையில், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லாத வழக்கறிஞர் முறைப்படி கேட்டால் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். முறைப்படி கேட்பதில்தான் சிக்கல் எல்லாம்.

படி 1: எந்த நீதிமன்றம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். வழக்கு எந்த வகை என்பதுதான் நீதிமன்றத்தைத் தீர்மானிக்கிறது, நீதிமன்றம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நம் இர்விங்காரரின் வழக்கில் தேர்வுக்கே இடமில்லை. குடியுரிமை நேர்காணல் முடிந்து 120 நாளுக்குள் முடிவு வராவிட்டால், விண்ணப்பதாரர் தான் வசிக்கும் மாவட்டத்தின் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது சட்டம். வேறு மாவட்டத்துக்குப் போக அதில் வழியில்லை. வழக்கறிஞர் எங்கே இருந்தாலும் அவர்தான் டெக்சாஸ் விதிகளுக்கு வந்துசேர வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். இர்விங், மாநிலத்தின் உட்பிரிவுகளில் ஒன்றான டல்லாஸ் கவுண்டியில் இருக்கிறது. எனவே வழக்கு டெக்சாஸ் வடக்கு மாவட்டத்தின் டல்லாஸ் பிரிவுக்குப் போகும். அதே ஆள் காரில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பிளேனோவில் குடியிருந்தால், அது காலின் கவுண்டி. டெக்சாஸ் கிழக்கு மாவட்டத்தின் ஷெர்மன் பிரிவு. இரண்டு நீதிமன்றங்களுக்கும் விதி வேறு. வடக்கில் வெளியூர் வழக்கறிஞருக்கு உள்ளூர் துணை, அதாவது கூடவே ஒரு உள்ளூர் வழக்கறிஞர், கட்டாயம். கிழக்கில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஒரு கவுண்டி எல்லைக்கோடு செலவையே மாற்றிவிடுகிறது. எனவே ஊர் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். கவுண்டியைக் கேளுங்கள்.

பொதுவாக ஃபெடரல் அதிகாரிகள் மீதும் துறைகள் மீதும் போடும் வழக்குகளுக்கு மூன்று இடங்கள் உண்டு: பிரதிவாதி இருக்கும் மாவட்டம், சம்பவத்தின் முக்கியப் பகுதி நடந்த மாவட்டம், நிலம் சம்பந்தப்படாத வழக்கானால் வாதி வசிக்கும் மாவட்டம். அதனால்தான் பலர் வாஷிங்டன் டி.சி. நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், துறைகளின் தலைமையகம் அங்கே இருக்கிறது. வாதியின் வசிப்பிடத்தை நம்பிப் போடும்போது ஒரு எச்சரிக்கை. சட்டம் க்ரீன் கார்டு உள்ளவரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் விஷயத்தில் அரசுத் தரப்பு ஆட்சேபிக்க இடம் உண்டு. அவர்கள் மற்ற இரண்டு வழிகளில் ஒன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

மற்ற வகைகள் சுருக்கமாக: தபால் வேன் மோதியது, அரசு மருத்துவமனையில் தவறான சிகிச்சை போன்ற நஷ்டஈட்டு வழக்குகள் வாதி வசிக்கும் மாவட்டத்திலோ சம்பவம் நடந்த மாவட்டத்திலோ நடக்கும். தகவல் கேட்டுப் பெறும் சட்டத்தின் கீழ் போடும் வழக்குக்கு வாதியின் ஊர், ஆவணம் இருக்கும் இடம், அல்லது டி.சி. ஒப்பந்தப் பணம் போல 10,000 டாலருக்கு மேல் அரசிடம் கேட்கும் வழக்குகள் வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். அது நாடு முழுவதற்குமான நீதிமன்றம். எந்த மாநில உரிமம் உள்ளவரும் அதன் பட்டியலில் சேரலாம். ஆனால் ஒரு கட்சிக்காரருக்கு ஒரே நேரத்தில் ஒரே ஒரு வழக்கறிஞர்தான் அதிகாரபூர்வப் பிரதிநிதியாக இருக்க முடியும். மற்றவர்கள் துணை என்றே குறிக்கப்படுவார்கள்.

படி 2: லோக்கல் ரூல்ஸை முழுதாகப் படியுங்கள்

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்திலும் உள்ளூர் விதிகள் இருக்கும். வழக்கறிஞர் சேர்க்கை பற்றிய விதி பெரும்பாலும் 83 என்ற எண்ணில் தொடங்கும். அந்த ஒரு விதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கட்டணப் பட்டியல், மின்னணுத் தாக்கல் விதிகள், வழக்கு யாரிடம் போகிறதோ அந்த நீதிபதியின் தனி நடைமுறைக் குறிப்பு, இவை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். விதிகள் அடிக்கடி திருத்தப்படும். போன வருடம் இறக்கி வைத்த பிடிஎஃப்பை நம்பவே கூடாது. நான் கீழே தரும் எண்களையும் தாக்கல் செய்யும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள்.

வித்தியாசம் எவ்வளவு என்று புரிய சில நீதிமன்றங்களைச் சொல்கிறேன். நியூயார்க் தெற்கு மாவட்டத்தில் உள்ளூர் துணை தேவையில்லை. 200 டாலர் கட்டணம், பிரமாணப் பத்திரம், உரிமம் நல்ல நிலையில் இருப்பதைக் காட்டும் நன்னிலைச் சான்றிதழ் போதும். வாஷிங்டன் டி.சி.யில் 100 டாலர்தான், ஆனால் அந்த நீதிமன்றப் பட்டியலில் உள்ள ஒருவரோடு சேர்ந்துதான் எதையும் தாக்கல் செய்ய முடியும். லாஸ் ஏஞ்சலிஸை உள்ளடக்கிய மத்திய கலிஃபோர்னியாவில் ஒரு வழக்குக்கு 500 டாலர். சான் ஃபிரான்சிஸ்கோ இருக்கும் வடக்கு கலிஃபோர்னியாவில், கலிஃபோர்னியாவிலேயே குடியிருந்துகொண்டு அந்த மாநில உரிமம் வாங்காதவர் ஒருமுறை அனுமதி கேட்கவே முடியாது. வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்தில் உள்ளூர் வழக்கறிஞர் ஒவ்வொரு விசாரணைக்கும் கூடவே வர வேண்டும்.

கொலராடோவும் மிச்சிகன் கிழக்கு மாவட்டமும் வேறு மாதிரி. அங்கே ஒருமுறை அனுமதி என்ற ஏற்பாடே இல்லை. எந்த மாநில உரிமம் இருந்தாலும் நிரந்தரமாகவே பட்டியலில் சேர்ந்துவிடலாம், சேர்ந்தால்தான் தோன்றலாம். ஒருமுறை அனுமதிக்கான மனுவை அங்கே போட்டால் நாள்தான் வீண்.

டெக்சாஸ் வடக்கு மாவட்டத்துக்கு வருவோம். மாவட்டத்துக்குள் வசிக்காத, அங்கே பிரதான அலுவலகம் இல்லாத வழக்கறிஞர் வந்தால் உள்ளூர் வழக்கறிஞர் வேண்டும். வழக்கு நடக்கும் பிரிவின் நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 50 மைலுக்குள் அவருடைய வீடோ பிரதான அலுவலகமோ இருக்க வேண்டும். எனவே ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் உதவ மாட்டார். வேண்டுமானால் உள்ளூர் துணை இல்லாமல் நடத்த அனுமதியுங்கள் என்று தனியாக ஒரு மனு போடலாம். சிறிய வழக்கு, கட்சிக்காரரின் பண நிலைமை, காணொளி வழியாக வரத் தயார் என்பதையெல்லாம் விளக்கிக் கேட்க வேண்டும். அது நீதிபதியின் விருப்பம். அந்த மனுவை மட்டும் நம்பி உள்ளூர் ஆளைத் தேடாமல் இருந்துவிடாதீர்கள்.

படி 3: அனுமதி வருவதற்கு முன் எதுவரை போகலாம்?

வேறு மாநிலத்தில் உரிமம் இல்லாமல் வழக்கறிஞர் வேலை செய்வது குற்றமாகிவிடாதா என்ற பயம் இளம் வழக்கறிஞர்களுக்கு உண்டு. அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதி 5.5 இதற்கு வழி சொல்கிறது: அனுமதி கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் வழக்கறிஞர் அதற்கான முன்வேலைகளைச் செய்யலாம். கட்சிக்காரரைச் சந்திப்பது, ஆவணம் சேர்ப்பது, மனு வரைவது எல்லாம் இதில் அடங்கும். மாநிலங்கள் இந்த மாதிரியைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எடுத்திருப்பதால், அந்த மாநிலத்தின் சொந்த விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிவரவுச் சட்டம் ஃபெடரல் சட்டம் என்பதால் யுஎஸ்சிஐஎஸ் முன்னால் எந்த மாநில வழக்கறிஞரும் ஆஜராகலாம். அதை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் அனுமதி வேண்டாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு வாசல்கள்.

அனுமதியே கேட்காமல் பின்னணியில் இருந்து வேலை செய்தால் சம்பளத்துக்கே ஆபத்து வரலாம். 1966-ல் நியூயார்க்கில் உள்ள 2-வது வட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஸ்பானோஸ் எதிர் ஸ்கூராஸ் தியேட்டர்ஸ் என்ற வழக்கு. கலிஃபோர்னியா வழக்கறிஞர் ஒருவர் நியூயார்க்கில் ஒரு பெரிய வழக்குக்காக உழைத்தார். அனுமதி கேட்கவில்லை. கடைசியில் கட்சிக்காரர்கள், உங்களுக்கு இங்கே உரிமம் இல்லை, பணம் தர மாட்டோம் என்றார்கள். கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் என்ற காரணத்தால் இறுதியில் அவர் ஜெயித்தார். ஆனால் அதற்கு அவரே ஒரு வழக்கு நடத்த வேண்டியிருந்தது. ஒரு விண்ணப்பத்தில் முடிந்திருக்கும் வேலை.

படி 4: உள்ளூர் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். உள்ளூர் வழக்கறிஞர் என்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு, கட்சிக்காரருக்குக் கெடுதலும்கூட. டெக்சாஸ் வடக்கு மாவட்ட விதியையே பாருங்கள்: நீதிபதி குறுகிய அவகாசத்தில் விசாரணைக்கு அழைத்தால், கட்சிக்காரரின் நிலைப்பாட்டை எடுத்துவைத்து வாதாட உள்ளூர் வழக்கறிஞருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மேற்கு மாவட்டத்தில், வெளியூர்க்காரரால் வர முடியாமல் போனால் விசாரணை உட்பட முழு வழக்கையும் நடத்த அவர் தயாராக இருக்க வேண்டும். அப்படியானால் அவர் வழக்கைப் படித்திருக்க வேண்டும் அல்லவா?

படிக்காமல் கையெழுத்துப் போட்டதால் வந்த வினைக்கு இரண்டு உதாரணம். இரண்டும் அரசு மீதான வழக்குகள் இல்லை என்றாலும் பாடம் அப்படியே பொருந்தும். 2023-ல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கு மாநில நீதிமன்றத்திலிருந்து ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. வழக்கை ஆரம்பத்திலிருந்து பார்த்த வழக்கறிஞர் அந்த ஃபெடரல் பட்டியலில் இல்லை. அதனால் அதே அலுவலகத்தின் இன்னொரு வழக்கறிஞர் பெயரில் ஆவணங்கள் போயின. எழுதியவர் சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளைச் சேர்த்திருந்தார். கையெழுத்திட்டவர் சரிபார்க்கவில்லை. 5,000 டாலர் அபராதம் இருவர் மீதும் அலுவலகத்தின் மீதும் விழுந்தது. 2025 பிப்ரவரியில் வயோமிங் ஃபெடரல் நீதிமன்றத்தில் இதே மாதிரி இல்லாத தீர்ப்புகள் வந்தபோது, எழுதிய வெளிமாநில வழக்கறிஞரின் ஒருமுறை அனுமதியே ரத்தானது. 3,000 டாலர் அபராதமும் உண்டு. உடன் கையெழுத்திட்ட இருவருக்குத் தலா 1,000 டாலர். அவர்களில் ஒருவர் உள்ளூர் வழக்கறிஞர்.

ஆகவே உள்ளூர் வழக்கறிஞரிடம் பேசும்போது நேராகக் கேளுங்கள். அரசுக்கு எதிரான சிவில் வழக்குகள் நடத்தியிருக்கிறாரா? அந்த ஊர் நீதிபதிகளையும், அரசுத் தரப்பில் இதே வகை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர்களையும் தெரியுமா? வரைவை எத்தனை நாள் முன்னால் அனுப்பினால் படித்துத் திருத்தம் சொல்வார்? நாளை காலை விசாரணை என்றால் போவாரா? நல்ல உள்ளூர் வழக்கறிஞர், ‘இந்த நீதிபதியிடம் இந்த வாதத்தை முதலில் வைக்காதீர்கள்’ என்று சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குக் கொடுக்கும் பணம் தகும்.

கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்பது வெவ்வேறு அலுவலக வழக்கறிஞர்கள் இருக்கும்போது கட்சிக்காரருக்குத் தெரிந்து, அவர் எழுத்தில் சம்மதித்து நடக்க வேண்டிய விஷயம். கட்சிக்காரராக இதைப் படிப்பவர்களும் இதைத் தயங்காமல் கேளுங்கள். உள்ளூர்க்காரருக்கு யார் கொடுக்கிறார்கள், தனி பில்லா, மொத்தத்தில் அடங்கியதா, அவரை நேரடியாகத் தொலைபேசியில் பிடிக்கலாமா? ஒருமுறை எங்களுக்கு, விசாரணை நாள் காலையில் விமானம் ரத்தாகி எங்கள் வழக்கறிஞர் மாட்டிக்கொண்டார். உள்ளூர் வழக்கறிஞர் போனை எடுக்கவில்லை. கட்சிக்காரர் மட்டும் கோர்ட் வராண்டாவில் கோப்போடு நின்றார். நீதிபதி பெருந்தன்மையாகத் தேதி தள்ளிவைத்தார். ஆனாலும் அந்த மனிதரின் குரலில் இருந்த நடுக்கத்தை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உள்ளூர் வழக்கறிஞருடன் போடும் ஒப்பந்தத்தில், விசாரணை நாளில் யார் எங்கே இருப்பார்கள் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

படி 5: காகிதங்கள்

விண்ணப்பத்தில் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: முழுப்பெயர், அலுவலக முகவரி, உரிமம் உள்ள எல்லா மாநிலங்களும் நீதிமன்றங்களும், ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது உண்டா, தண்டனை உண்டா, இதற்கு முன் அதே நீதிமன்றத்தில் எத்தனை முறை இப்படி அனுமதி வாங்கினீர்கள் என்பது. டி.சி. நீதிமன்றம் கடந்த இரண்டு வருடக் கணக்கைக் கேட்கும். அடிக்கடி ஒரே ஊருக்கு வருபவர் நிரந்தரமாகவே பட்டியலில் சேர வேண்டியவர் என்று நீதிமன்றங்கள் நினைப்பதில் நியாயம் உண்டு.

பழைய புகார் ஒன்று விசாரித்துத் தள்ளுபடியாகியிருந்தாலும், கேள்வி அதையும் தழுவுமா என்று வரிவரியாகப் பார்த்துப் பதில் எழுதுங்கள். சொன்ன பழைய விஷயத்தால் அனுமதி மறுக்கப்படுவது அபூர்வம். மறைத்தது பிறகு தெரியவந்தால் நம்பிக்கையே போய்விடும்.

நன்னிலைச் சான்றிதழ் என்பது, இந்த வழக்கறிஞர் உரிமத்தோடு நல்ல நிலையில் இருக்கிறார் என்று மாநில உச்ச நீதிமன்றமோ பார் அமைப்போ தருவது. இதற்கு வயது வரம்பு உண்டு. பல நீதிமன்றங்கள் 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்கின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் 34 நாள் பழைய சான்றிதழை இணைத்துவிட்டேன். கிளார்க் அலுவலகம் திருப்பி அனுப்பியது. புதியது தபாலில் வர இன்னும் ஒன்பது நாள் ஆனது. உரிமம் மூன்று மாநிலத்தில் இருந்தால் மூன்று சான்றிதழும் கேட்கும் நீதிமன்றங்கள் உண்டு. எனவே வழக்குப் போடும் தேதியை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சான்றிதழுக்கு எழுதுங்கள்.

இந்தியாவில் மட்டும் பதிவு செய்த வழக்கறிஞர்கள் அவ்வப்போது கேட்பதால் ஒரு வார்த்தை. மாவட்ட நீதிமன்ற விதிகள் பொதுவாக அமெரிக்க மாநிலம் ஒன்றின் உரிமத்தை எதிர்பார்க்கின்றன. சென்னைப் பதிவு மட்டும் போதாது. ஆனால் எல்எல்எம் படித்து நியூயார்க் உரிமம் வாங்கியவருக்கு, இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 6-வது விதி மட்டும், வெளிநாட்டு வழக்கறிஞரையும் குறிப்பிட்ட வழக்கில் வாதாட அனுமதிக்க இடம் வைத்திருக்கிறது.

படி 6: தாக்கல், கையெழுத்து, சார்பு செய்தல்

வழக்கமான குழப்பம் இது: வழக்கு எண் இருந்தால்தான் ஒருமுறை அனுமதிக்கு மனு போட முடியும். வழக்கு எண் வேண்டுமானால் பட்டியலில் உள்ள ஒருவர் பிராதை, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவை, தாக்கல் செய்ய வேண்டும். எனவே உள்ளூர் வழக்கறிஞர் கையெழுத்தில் பிராது போகும், 405 டாலர் தாக்கல் கட்டணத்தோடு. கையெழுத்துப் பகுதியில் வெளிமாநில வழக்கறிஞரின் பெயருக்குக் கீழே ‘ஒருமுறை அனுமதி மனு தாக்கலாக உள்ளது’ என்று குறிப்பிடுவது வழக்கம். அனுமதி மனுவை அதே நாளிலோ மறுநாளோ போட்டுவிடுங்கள். உள்ளூர் துணை தேவையில்லாத நீதிமன்றங்களில் வெளிமாநில வழக்கறிஞரே தொடங்க வழி இருக்கலாம். கிளார்க் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள், ஆனால் நடைமுறையைப் பொறுமையாகச் சொல்வார்கள்.

காலக்கெடு நெருங்கும் வழக்குகளில் இது உயிர்நாடி. ஃபெடரல் நஷ்டஈட்டு வழக்கில், முதலில் சம்பந்தப்பட்ட துறைக்கு இரண்டு வருடத்துக்குள் எழுத்துமூலம் கோரிக்கை வைக்க வேண்டும். துறை மறுத்துக் கடிதம் அனுப்பியதும் ஆறு மாதத்துக்குள் வழக்கு. அந்த ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் உள்ளூர் வழக்கறிஞரைத் தேடுவது கட்சிக்காரரின் உரிமையோடு விளையாடுவது. பட்டியலில் இல்லாதவர் மட்டும் கையெழுத்திட்ட பிராதைத் திருத்திக்கொள்ள நீதிமன்றம் அவகாசம் தரலாம். தரும் என்று நம்பி யாரும் இறங்கக் கூடாது.

ஆவணங்களைப் பார்க்கும் வசதியிலும் ஒரு விஷயம் உண்டு. மற்ற வழக்குகளில், ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்களுக்கான பேசர் இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கொடுத்து யாரும் படிக்கலாம். குடிவரவு, சோஷியல் செக்யூரிட்டி வழக்குகளில் அப்படி இல்லை. கட்சிக்காரர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் மட்டுமே தொலைவிலிருந்து முழு ஆவணத்தைத் திறக்க முடியும். மற்றவர்கள் உத்தரவுகளையும் பட்டியலையும்தான் பார்க்கலாம். அதனால் அனுமதி வராத, வழக்கில் பெயர் சேராத வெளிமாநில வழக்கறிஞருக்குத் தன் வழக்கிலேயே அரசு போட்ட பதில் திரையில் திறக்காது. அதுவரை உள்ளூர் வழக்கறிஞர் தனக்கு வரும் அறிவிப்புகளை அன்றே அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சம்மன் சார்பு செய்வதில், அதாவது எதிர்த்தரப்பிடம் அதை முறைப்படி சேர்ப்பதில், அரசுக்கு எனத் தனி முறை உண்டு. வழக்கு நடக்கும் மாவட்டத்தின் ஃபெடரல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி. வாஷிங்டனில், மத்திய நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்குப் பதிவுத் தபாலிலோ சான்றுத் தபாலிலோ ஒரு பிரதி. வழக்கில் பெயர் உள்ள துறைக்கும் அதிகாரிக்கும் அதேபோல் ஒரு பிரதி. மூன்றில் ஒன்றை விட்டாலும் சார்பு முழுமையாகாது. இதற்கு 90 நாள் அவகாசம். உள்ளூர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஆள் வைத்தே நேரில் கொடுத்துவிடுவது நல்லது. ஏனென்றால் அரசு பதில் சொல்வதற்கான 60 நாள் அந்த அலுவலகத்துக்குப் பிரதி கிடைத்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. தகவல் கேட்கும் சட்ட வழக்குகளில் மட்டும் பதில் அவகாசம் 30 நாள்.

படி 7: எதிரே நிற்பவர்

அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. அட்டர்னி ஜெனரல் தன் துறையின் எந்த அதிகாரியையும் எந்த மாநிலத்துக்கும் அனுப்பலாம் என்று சட்டமே சொல்கிறது. டி.சி. உட்படப் பல நீதிமன்றங்களின் விதிகள் ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களுக்கு வெளிப்படையாக விலக்கு தருகின்றன. சாதாரண மனிதர் தன் வழக்கறிஞருக்காக இரண்டு பேருக்குக் கட்டணம் கட்டும்போது, எதிர்த்தரப்பு நேராக நடந்துவருகிறது. இது சமமில்லை என்றே நான் நினைக்கிறேன். அரசு மீதான வழக்குகளிலாவது, குறிப்பாக 120 நாள் தாண்டிய குடியுரிமை வழக்கு போன்ற சிறிய வழக்குகளில், 50 மைல் போன்ற நிபந்தனைகளை நீதிமன்றங்கள் தாமாகவே தளர்த்த வேண்டும்.

அதே சமயம் அரசு வழக்கறிஞர்களைப் பகையாகப் பார்க்கத் தேவையில்லை. பல மாவட்டங்களில் அனுமதி மனு போடும் முன் அவர்களிடம் ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, பதிலை மனுவில் எழுத வேண்டும். ஆட்சேபிப்பது அபூர்வம். அந்த முதல் மின்னஞ்சலே நல்ல தொடக்கமாக அமையும். குடியுரிமைத் தாமத வழக்குகளில், வழக்கு வந்துவிட்டது என்று அரசு வழக்கறிஞர் துறைக்குச் சொன்ன பிறகு கோப்பு நகர்ந்து, பதில் மனுவுக்கு முன்பே முடிவு வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 8: அனுமதி கிடைத்த பிறகு

உத்தரவு வந்ததும் மின்னணுத் தாக்கலுக்கு அந்த நீதிமன்றத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நியூ ஜெர்சியில் இருக்கும் பதிவு டெக்சாஸுக்குப் போதாது. அதன் பின் அந்த மாவட்டத்தின் ஒழுக்க விதிகளுக்கும் தண்டனை அதிகாரத்துக்கும் வெளிமாநில வழக்கறிஞர் முழுதாகக் கட்டுப்பட்டவர். நீதிபதியின் தனிக் குறிப்பைத் திரும்பவும் படியுங்கள். உதாரணமாக, செயற்கை நுண்ணறிவால் எழுதியதை மனிதர் சரிபார்த்தாரா என்று வழக்கறிஞர்கள் சான்று தர வேண்டும் என 2023-ல் முதலில் கேட்ட நீதிபதிகளில் ஒருவர் இதே டல்லாஸில்தான் இருந்தார். பக்க வரம்பு, எழுத்தளவு, நீதிபதிக்குத் தனிப் பிரதி அனுப்புவது போன்றவையும் அந்தக் குறிப்பில் இருக்கும்.

செலவு பற்றி

ஜெயித்தால் அரசிடமிருந்து வழக்கறிஞர் கட்டணம் பெற, சம நீதி அணுகல் சட்டம் என்ற ஒன்று இருக்கிறது. அரசின் நிலைப்பாட்டுக்குப் போதிய நியாயம் இல்லை என்றால் கட்டணம் கிடைக்கலாம். சட்டத்தில் எழுதியிருப்பது மணிக்கு 125 டாலர். விலைவாசிக்கு ஏற்ப நீதிமன்றம் கூட்டலாம். தனிநபரின் சொத்து மதிப்பு 20 லட்சம் டாலருக்கு மேல் போகக் கூடாது. இறுதித் தீர்ப்பிலிருந்து 30 நாளுக்குள் கேட்க வேண்டும். ஒருமுறை அனுமதிக்குக் கட்டிய பணம் திரும்ப வருமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள 9-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல், வழக்குச் செலவுப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது என்றது. ஆகவே அந்தப் பணத்தையும் பயணச் செலவையும் கைவிட்டுப் போனதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். நஷ்டஈட்டு வழக்குகளில் வழக்கறிஞர் எடுக்கும் பங்குக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: துறையோடு பேசி முடிந்தால் 20 சதவீதம், வழக்குப் போட்ட பிறகென்றால் 25 சதவீதம். அதற்கு மேல் யாராவது கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளூர் வழக்கறிஞரின் பங்கும் அந்த வரம்புக்குள்ளேயே வர வேண்டும்.

வழக்கு மேலே போனால்

டல்லாஸில் கிடைத்த ஒருமுறை அனுமதி டல்லாஸோடு முடிகிறது. தோற்றால், அரசு கட்சியாக இருக்கும் சிவில் வழக்குகளில் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தர 60 நாள் உண்டு. அறிவிப்பைத் தாக்கல் செய்வது கீழ் நீதிமன்றத்திலேயேதான். அதன் பின் வழக்கு நியூ ஆர்லியன்ஸில் உள்ள 5-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 50 மைல் கணக்கெல்லாம் இல்லை. எந்த மாநில உரிமம் உள்ளவரும் அந்த நீதிமன்றப் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். எங்கள் அலுவலகத்தில், மாவட்ட நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் வாங்கும்போதே மேல்முறையீட்டு நீதிமன்ற விண்ணப்பத்தையும் நிரப்பிக் கோப்பின் பின்பக்கம் வைத்துவிடுகிறோம். தேவைப்பட்டால் புதிய சான்றிதழ் மட்டும் சேர்த்து அன்றே அனுப்பலாம்.